கட்கி மைதானமும் பாங்காக் பதக்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த பெரியோர்கள் ஏறிப் பேசியிருக்கிறார்கள். நானோ பத்தாவது வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கூடத்திற்குக் கும்பிடு போட்டுவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபொழுது, "எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசினால் போதும்" என்றார். எனக்கு ஓரளவு தெரிந்தது ஹாக்கி விளையாட்டு ஒன்றுதான். ஆகவே, 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் ஹாக்கிப் பந்தயத்தைப் பற்றியும், அதற்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்.

எங்கோ சயாம் நாட்டில் நடந்த பந்தயத்திற்கும் புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தவர் தன்ராஜ் பிள்ளை. அவர் பிறந்தது நம் கட்கியில். 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா என்னும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தையார் படைத்தளவாடத் தொழிற்சாலையைச் சேர்ந்த விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

கட்கியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1817ஆம் ஆண்டில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நடந்த இடம் அது. அதன் பிறகு அங்கே ராணுவக் குடியிருப்பு எழுந்தது. 1869ஆம் ஆண்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. படையோடும் தொழிற்சாலையோடும் ரயிலோடும் நம் முன்னோர் பலர் தெற்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் கையில் மூட்டையும் முடிச்சும் இருந்தனவேயன்றிப் பொன்னும் பொருளும் இருக்கவில்லை. அத்தகைய குடும்பங்களில் ஒன்றுதான் தன்ராஜின் குடும்பமும்.

ஐந்து ஆண் பிள்ளைகள், வருவாயோ சொற்பம். புதிய ஹாக்கி மட்டை வாங்கித் தர இயலாத நிலை. பெரியவர்கள் ஆடி உடைத்துப்போட்ட மட்டையும், தேய்ந்துபோன பந்துமே அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கருவிகள். மழை பெய்தால் சேறாகும் மண் தரையே மைதானம். இப்படிப்பட்ட வறுமையிலும், "விளையாட்டு வேண்டாம், வேலையைப் பார்" என்று அந்த அன்னை சொல்லவில்லை. ஐவரையும் விளையாட ஊக்குவித்தார். பிற்காலத்தில் தன்ராஜ் தம் உயர்வுக்கெல்லாம் காரணம் தம் அன்னையே என்று பலமுறை கூறியிருக்கிறார்.

அந்நாளில் சிறுவன் தன்ராஜ் பின்பற்ற முயன்றது முகமது ஷாகித் என்னும் பெரும் ஆட்டக்காரரின் ஆட்டத்தை. காசி நகரத்துக்காரரான ஷாகித், நம் ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயின் நாட்டை 4க்கு 3 என்ற கோல் கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றதல்லவா? அந்த அணியில் ஷாகித் ஆடினார். அந்த அணிக்குத் தலைவராக விளங்கியவரும் ஒரு தமிழர்தான். அவர் வாசுதேவன் பாஸ்கரன். கட்கிச் சிறுவர்கள் சேற்றில் ஷாகித்தைப் போலப் பந்தை உருட்டப் பழகிய காலம் அது. பின்னர் 1980களின் நடுவில் தன்ராஜ் பம்பாய்க்குச் சென்றார். அங்கே அவருடைய அண்ணன் ரமேஷ் முன்னதாகவே பெயர் பெற்ற ஆட்டக்காரராக இருந்தார். தம்பிக்கு அண்ணனே வழிகாட்டியானார். 1989ஆம் ஆண்டில் தன்ராஜ் இந்திய அணியில் இடம் பெற்றார்.

இனி பாங்காக் பந்தயத்திற்கு வருகிறேன். அந்தத் தங்கத்தின் அருமை விளங்க வேண்டுமானால், அதற்கு முந்திய கணக்கைப் பார்க்க வேண்டும். கணக்குப் பார்ப்பதுதானே குமாஸ்தாவின் தொழில்!

ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹாக்கி சேர்க்கப்பட்டது 1958ஆம் ஆண்டு, டோக்கியோ நகரில். அந்த ஆண்டு நமக்கு வெள்ளி. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் மறுபடியும் வெள்ளி. 1966ஆம் ஆண்டு இதே பாங்காக்கில், கோல்கீப்பர் சங்கர் லட்சுமணன் தலைமையில், பாகிஸ்தானை 1க்கு 0 என்று வென்று தங்கம் பெற்றோம். அதற்குப் பிறகு? 1970, 1974, 1978, 1982 ஆகிய நான்கு போட்டிகளிலும் வெள்ளி. அவற்றுள் 1982ஆம் ஆண்டு டில்லியில், நம் மண்ணில், நம் மக்களின் கண் முன்னால், பாகிஸ்தானிடம் 1க்கு 7 என்று தோற்றதை ஹாக்கிப் பிரியர்கள் இன்றும் பேசும்பொழுது குரல் தாழ்ந்துவிடும். 1986ஆம் ஆண்டு சியோலில் வெண்கலம். 1990, 1994 ஆண்டுகளில் திரும்பவும் வெள்ளி. ஆக 32 ஆண்டுகள் தங்கம் நம் கைக்கு எட்டவேயில்லை.

ஏன் எட்டவில்லை? காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று தரை. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் புல் தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. அந்த ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தது ஏழாவது இடம். புல் தரையில் பந்து தயங்கித் தயங்கி வரும். கைத்திறன் உள்ளவன் அதை அடக்கி, வளைத்து, ஏமாற்றி எடுத்துச் செல்வான். செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு பாயும். அங்கே கைத்திறனோடு ஓட்டமும் உடல் வலிமையும் வேண்டும். அந்தத் தரையை அமைக்கப் பெரும் பணம் வேண்டும். நாள்தோறும் தண்ணீர் தெளித்து நனைக்கவும் வேண்டும். பணம் படைத்த நாடுகளில் பள்ளிச் சிறுவர்களே அதில் ஆடிப் பழகினர். நம் பிள்ளைகளோ மண்ணிலே கற்று, பெரியவர்களான பிறகே அந்தத் தரையைக் கண்ணால் கண்டனர். அந்தக் குறையோடுதான் நம்மவர்கள் உலகத்தோடு மோதினார்கள்.

1998ஆம் ஆண்டின் தொடக்கமும் நன்றாக இருக்கவில்லை. ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் நடந்த உலகக் கோப்பையில் நமக்கு 9ஆவது இடமே கிடைத்தது. ஆகையால் டிசம்பரில் பாங்காக் சென்ற அணியிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்த அணியின் தலைவருக்கு அப்பொழுது முப்பது வயது. பயிற்சியாளர், மாஸ்கோ அணியில் ஆடியவரான மகாராஜ் கிருஷண் கௌசிக்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கர்நாடகத்து ஆஷிஷ் பல்லால் கோல்கீப்பர். ஒரிசாவின் பழங்குடிச் சிற்றூரிலிருந்து வந்த திலீப் திர்க்கி பின்களத்தில். சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸ், ஐதராபாத்து முகேஷ் குமார், பஞ்சாபின் பல்ஜீத் சிங் தில்லான், இவர்களுக்கெல்லாம் தலைவராக மராட்டிய மண்ணில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. நம் கட்கிச் சந்தைத் தெருவில் மாலை வேளையில் கேட்கும் மொழிகளெல்லாம் அந்த அணியிலும் கேட்டிருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இறுதி ஆட்டம் தென் கொரியாவுடன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹிரோஷிமாவில் நம்மை வென்று தங்கம் கொண்டுபோனவர்கள் அவர்கள். அயராது ஓடுபவர்கள், ஒழுங்கு தவறாதவர்கள். ஆட்டம் ஆளுக்கு ஒரு கோல் என்று சமநிலையில் நின்றது. பிறகு பெனால்ட்டி ஸ்ட்ரோக் முறையில் முடிவு காண வேண்டியதாயிற்று.

அந்த முறையைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் விளக்கிச் சொல்லுகிறேன். ஒவ்வொரு கட்சியிலும் ஐந்து பேர், ஒருவர்பின் ஒருவராக வந்து, கோலுக்கு ஏழு கஜ தூரத்தில் வைத்த பந்தை அடிக்க வேண்டும். தடுப்பதற்கு இருப்பவர் கோல்கீப்பர் ஒருவரே. பந்து மட்டையை விட்டுப் புறப்பட்ட பிறகு சிந்திக்க நேரம் கிடையாது. தலைவராயினும் பிற ஆட்டக்காரராயினும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். (இக்காலத்தில் அந்த முறை மாறிவிட்டது. 23 மீட்டர்க் கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு வந்து 8 விநாடிக்குள் கோல் போட வேண்டும்.) அன்று ஆஷிஷ் பல்லால் கொரியர் அடித்த பந்துகளைத் தடுத்து நிறுத்தினார். நம்மவர்கள் தவறாது அடித்தார்கள். 32 ஆண்டுகளுக்குப் பிறகு, முன்பு கிடைத்த அதே நகரத்தில், தங்கம் மறுபடியும் நமக்குக் கிடைத்தது.

அப்பொழுது எனக்குப் பதினெட்டு வயது. தொலைக்காட்சிச் செய்தியில் வெற்றியைச் சொன்னவுடன் எங்கள் வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். மராட்டியச் சிறுவர்களும், பஞ்சாபிச் சிறுவர்களும், நாங்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கூத்தாடினோம். நான் வீட்டிற்குள் ஓடி, அடுப்படியில் இருந்த என் தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு, "நம்ம கட்கிப் பிள்ளைம்மா! நம்ம தமிழ்ப் பிள்ளைம்மா!" என்று குதித்தேன். அந்த வார்த்தையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவேன்.

வென்று திரும்பிய அணிக்கு அடுத்து நேர்ந்தது யாது? வெற்றிக் களிப்பு அடங்கும் முன்னரே, அந்தத் தலைவரும் மூத்த ஆட்டக்காரர் சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு உரிய ஊதியத்தைப் பற்றி வாய் திறந்து கேட்டதுதான் குற்றமாயிற்று என்று நாடெங்கும் பேசிக்கொண்டார்கள். தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளரும் விலக்கப்பட்டார். வென்ற நாளில் தோளில் தூக்கினோம். மறுநாள் தரையில் இறக்கிவிட்டோம்.

ஆனால் தன்ராஜ் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. மறுபடியும் ஆடினார், மறுபடியும் அணிக்கு வந்தார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், போலந்து நாட்டுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்ததால், அரையிறுதி வாய்ப்பு நழுவிப் போயிற்று. அந்தத் துயரத்தையும் தாங்கினார். 2003ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4க்கு 2 என்று வென்று, இந்தியா முதன்முதலாக ஆசியக் கோப்பையைப் பெற்றபொழுது தலைவராக நின்றவர் அவரே. நான்கு ஒலிம்பிக்குகள், நான்கு உலகக் கோப்பைகள், நான்கு சாம்பியன்ஸ் கோப்பைகள், நான்கு ஆசிய விளையாட்டுகள் என்று ஆடி முடித்து 2004ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில், கட்கியிலிருந்து சென்ற இன்னொரு பிள்ளையான விக்ரம் பிள்ளையும் அவரோடு ஆடினார் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். இதைச் சபையில் சொல்ல எனக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகன் ஒன்பதாவது வகுப்பில் படிக்கிறான். ஹாக்கி என்றால் உயிர். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மிகவும் குறைந்த மதிப்பெண் வாங்கினான். அன்று மாலை அலுவலகத்திலிருந்து லோக்கல் ரயிலில் திரும்பி வந்து அந்தத் தாளைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில், அவனுடைய மட்டையைப் பிடுங்கி, பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். "பந்து உருட்டுகிறவனுக்கெல்லாம் யார் சோறு போடுவார்கள்? உருப்படாத பிள்ளை!" என்றும் சொல்லிவிட்டேன். பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

இரவு என் தாயார் என்னை அழைத்து அருகில் உட்கார வைத்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். "ஏண்டா, அன்னிக்கு அந்தப் பிள்ளை கெலிச்சப்போ, நம்ம பிள்ளைன்னு அடுப்படியிலே வந்து குதிச்சியே, ஞாபகம் இருக்கா? கெலிச்சா நம்ம பிள்ளை. வெளையாடப் போனா உருப்படாத பிள்ளையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சபையோர்களே! என் தாயாரின் கேள்வியை இன்று நான் உங்கள் முன் வைக்கிறேன். வென்றவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வது எளிது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. உடைந்த மட்டையோடு சேற்றில் நிற்கும்பொழுது ஒரு பிள்ளையை நம்மவன் என்று சொல்கிறோமா? அப்பொழுது சொன்னவர்கள்தாம் அவனுடைய வெற்றியில் பங்கு கேட்க உரிமை உடையவர்கள். பதக்கம் வாங்கிய தலைவரை மறுநாளே விலக்கியவர்களை நாம் குறை கூறுகிறோம். வீட்டிலே மட்டையைப் பூட்டி வைக்கும் நாம் மட்டும் அவர்களைவிட எவ்வகையில் மேலானவர்கள்?

எதிர்வாதம் எனக்குத் தெரியாததன்று. என் தந்தையாரும் நான் பத்தாவது படிக்கும்பொழுது என் விளையாட்டை நிறுத்தியவர்தான். அவர்மீது எனக்கு இன்றும் மனவருத்தம் இல்லை. அந்நிய ஊரில், ஒருவர் சம்பளத்தில் ஆறு வயிறு நிறைய வேண்டிய வீட்டில், பிள்ளைக்கு ஒரு நிலையான வேலை கிடைத்துவிட வேண்டுமே என்ற அச்சம் நியாயமான அச்சம். ஒரு தன்ராஜ் உருவானால், பதக்கமும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் நின்றுவிட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். ஆண்டாளம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐவரில் நான்காமவனே நாட்டுக்குத் தலைமை தாங்கப் போகிறவன் என்று அந்த அன்னைக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியாது. ஐவரையும் மைதானத்திற்கு அனுப்பினார். ஒருவர் அங்கே சென்று சேர்ந்தார். பதக்கம் வாங்குவான் என்று உறுதி கூறினால்தான் விளையாட விடுவேன் என்று அவர் கேட்டிருந்தால், ரமேஷும் இல்லை, தன்ராஜும் இல்லை. பதக்கம் வராத பிள்ளைகளுக்கும் அந்த மைதானம் ஒன்றும் கொடுக்காமல் விடவில்லை. தோற்றபின் மறுநாள் எழுந்து வருவதற்கும், வேறு மொழி பேசுகிறவனுக்குப் பந்தைக் கொடுத்து அவனை நம்புவதற்கும் அங்கேதான் பயில முடியும். அந்நிய ஊரில் பிழைக்க வந்த நமக்கு இவ்விரண்டும் எவ்வளவு தேவை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் காலை நான் பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்து மட்டையை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை மைதானம். அதன் பிறகு இரவுச் சாப்பாடு வரை கணக்கு. கணக்கில் அவன் இன்று முதலிடத்தில் இருக்கிறான் என்று சொன்னால் அது பொய். முன்பைவிடத் தேவலை, அவ்வளவுதான். இந்த ஆண்டு மாவட்ட அணித் தேர்விலும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆயினும் மறுநாள் மாலை ஐந்தரைக்கு மட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது: நாம் ஆண்டுதோறும் இந்த மேடையில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளிக்கிறோம். அது தொடரட்டும். அதோடு, ஆண்டு முழுவதும் தவறாமல் மைதானத்திற்குச் சென்ற ஆண் பிள்ளை ஒருவனுக்கும் பெண் பிள்ளை ஒருத்திக்கும் பரிசு தர வேண்டும். வென்றார்களா என்று கேட்க வேண்டாம். ஒழுங்காக ஆடினார்களா என்று மட்டும் கேட்டால் போதும்.

இரண்டாவது: நம் வீட்டுப் பரண்களில் எத்தனையோ பழைய மட்டைகளும் கால் காப்புகளும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைச் சங்க அறையில் சேர்த்து வைத்து, வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்து உதவலாம். முதல் காணிக்கையாக, நான் பள்ளியில் ஆடிய மட்டையை இன்று கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்றாவது: பிம்ப்ரி நேரு நகரில் மேஜர் தியான்சந்த் பெயரால் நல்லதொரு ஹாக்கி மைதானம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் குழந்தைகளை அங்கே நடக்கும் ஒரு பந்தயத்திற்கு அழைத்துச் செல்வோம். சுற்றுலா என்று கோவிலுக்கும் மலைக்கும் போகிறோம். இதற்கும் ஒருநாள் போய் வரலாம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் வாக்கு. அடுத்த தன்ராஜ் நம் வரிசை வீடுகளில் எந்த வீட்டில் இருக்கிறானோ, இருக்கிறாளோ, யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் எல்லாப் பிள்ளைகளையும் நம் பிள்ளைகள் என்று இன்றே சொல்லி வைப்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!